வைக்காத பரீட்சையின் மார்க்குகள்

இந்த ஜூன் மாதம் நம் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும், இதே பள்ளியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அக்கா எழுதுவது. அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். பாடம் நடத்துவது எப்படி என்று எழுதப் போவதில்லை. அதற்கெல்லாம் நீங்கள் பெரிய படிப்பு படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் செய்த ஒரு தப்பை மட்டும் எழுதுகிறேன். சாதாரணப் பள்ளிக்கூடத்து டீச்சர் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். நம்மைப் போன்ற பள்ளியில் இருப்பவர்களுக்குத்தான் அதற்கு வாய்ப்பு கிடைக்கும்.

வந்த மூன்று வாரத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும். மரக்காணத்தில் பஸ் ஏறித் தோப்பு ஸ்கூல் என்று டிக்கெட் கேட்டால், கண்டக்டர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் சில்லறையை வாங்குவார். யூனிஃபார்ம் இல்லாத ஸ்கூல், படம் போடுற ஸ்கூல், டீச்சரை அக்கா அண்ணா என்று கூப்பிடுகிற ஸ்கூல் என்று நமக்கு ஊருக்கு ஒரு பெயர் உண்டு. ஆரோவில் பக்கத்தில் இருப்பதால் இது வெள்ளைக்காரர்கள் நடத்துவது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். படிப்பு ஏறாத பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் இடம் என்று மீதிப் பேர் நினைக்கிறார்கள். என் சொந்தத் தம்பி கல்யாண வீடுகளில் என்னை அறிமுகம் செய்வதைக் கேட்க வேண்டும். எங்க அக்கா, டீச்சர் மாதிரி, என்பான். அந்த ‘மாதிரி’யோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

அப்போதும் நம் பள்ளியில் ரேங்க் கார்டு கிடையாது. அதற்குப் பதிலாக ஏப்ரல் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு கடிதம் எழுதுவோம். அந்தப் பிள்ளை அந்த வருடம் எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டது, எதற்கு அழுதது, என்ன கற்றுக்கொண்டது எல்லாம் அதில் இருக்கும். பள்ளியைப் பார்க்க வருபவர்கள் அந்தக் கடிதங்களை வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். குறிப்பாக என் கடிதங்களை. ஒளிப்பானேன், எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது. ஏப்ரல் மாதம் வந்தால் தலைக்குள் வாக்கியங்களாகவே ஓடும்.

மோனிஷா ஒன்பது வயதில் நம்மிடம் வந்தாள். அதற்கு முன் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் படித்தாள். அங்கே ஒருநாள் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் பேசுவாள், பள்ளியில் வாயே திறக்க மாட்டாள். அப்பா சென்னையில் கட்டட வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். அம்மா உப்பளத்தில் கூலி வேலை. அந்த அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, என் பேரை ஏன் போட்டீங்க என்று வீட்டுக்கே வந்து கேட்பார். என்னைவிட இருபது வயது சின்னவர். இந்த வேலையில் எனக்குக் குரு என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான்.

குடும்பத்தில் முடிவெடுப்பவர் மோனிஷாவின் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன். வானூரில் ஒரு ஆபீஸில் டிரைவர். அந்த வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போன ஒரே ஆள். அவரைக் கேட்காமல் அங்கே ஒரு வாழைக்கன்றுகூட நட மாட்டார்கள். கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாவதில் கணக்கில் தவறியவர். தினமும் மற்றவர்களின் ஃபைலைச் சுமந்து ஜீப்பில் வைப்பவர். ஒரு பேப்பர் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தம்பி மகளை நம் பள்ளியில் சேர்த்தது அவருக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டு வருடம் பார்ப்போம், இல்லையென்றால் திண்டிவனம் பக்கம் ஹாஸ்டலில் போட்டுவிடுவேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

அந்த இரண்டு வருடத்தில் மோனிஷா என்ன செய்தாள் என்று சொல்கிறேன்.

நம் சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் உப்புப் பாத்திகள் தொடங்குகின்றன அல்லவா, அந்த முதல் வரப்பில் போய் உட்காருவாள். பக்கத்தில் குடையை விரித்துக்கொண்டு நான் உட்காருவேன். பாத்திக்குள் இருக்கும் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இருக்காது. ஆனால் வானம் முழுக்க அதற்குள் இருக்கும். மேகம் ஒரு பாத்தியை விட்டு அடுத்த பாத்திக்குப் போவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஒரு பாத்தி வெள்ளையாக இருக்கும், ஒன்று ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருக்கும், தூரத்தில் ஒன்று லேசான ரோஸ் நிறத்தில் இருக்கும். கோடையில் அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தரை எது வானம் எது என்று மறந்துவிடும். உட்கார்ந்திருப்பது நான்தானா என்றே சில நாள் சந்தேகம் வந்திருக்கிறது. சவுக்கின் இரைச்சலும் கடலின் இரைச்சலும் ஒன்றாகிவிடும். அந்த இரண்டு வருடத்தை இப்போது நினைத்தால், நான் விழித்திருந்த வருடங்களாகவே தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

மோனிஷா அப்படிக் கிறங்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாவது வருடம் மார்ச் மாதம் ஒருநாள், திரும்பாமலேயே என்னிடம் சொன்னாள்.

“அக்கா, உப்பு கீழ இல்ல. மேலதான் மொதல்ல பொறக்குது. வெயிட்டு ஆனதும் முங்கிடுது.”

குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காத்து அடிக்குது, இப்ப தெரியாது என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விளக்கினாள். காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். மத்தியானம் கடலிலிருந்து கரைக்கு வரும். இரண்டுக்கும் நடுவே, பதினொன்று பதினொன்றரை வாக்கில், கொஞ்ச நேரம் காற்று நிற்கும். அப்போது பாத்தியின் மேலே கண்ணாடித் தூள் தூவியதுபோல் ஒன்று வரும். ஒவ்வொரு தூளும் சதுரமாக இருக்கும். அது மிதந்துகொண்டே பெரிதாகும், திடீரென்று முழுகிவிடும். காற்று வந்துவிட்டால் எல்லாம் உடனே முழுகிவிடும், மேலே ஒன்றும் இல்லாததுபோல் ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு கோடை ஆகியிருந்தது. எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாதே.

அந்த ஏப்ரலில் அவளைப் பற்றி எழுதிய கடிதம்தான் நான் எழுதியதிலேயே நல்ல கடிதம் என்று நினைத்தேன். இரண்டு நாள் எழுதினேன். உங்கள் மகள் இந்த வருடம் செய்த மிகப் பெரிய வேலை, உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்ததுதான் என்று தொடங்கியிருந்தேன். மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருக்க அவளால் முடிகிறது, அந்த அமைதிக்குள் அவள் ஒரு உலகத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று போய்க்கொண்டே இருந்தது. எந்த உலகம் என்று எழுதவில்லை. அதை எழுதினால் கவிதை கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். உப்பு மேலே பிறக்கிறது என்கிற அந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதியிருந்தால்கூடப் போதும். எழுதவில்லை.

இன்னொன்றையும் யோசிக்கவில்லை. அந்தக் கடிதம் போய்ச் சேரும் வீட்டில் அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

மே மாதம் அவர்கள் சொந்தத்தில் ஒரு காதணி விழா. எல்லோரும் கூடியிருந்தார்கள். சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது, அந்த அம்மா பையிலிருந்து கவரை எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்திருக்கிறார். பெருமையாகத்தான் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து தடித்த கடிதம் வந்திருக்கிறது, நல்லதாகத்தானே இருக்கும். பெரியப்பா சத்தமாகப் படித்தார். முதல் வரியிலேயே ஒரு சிரிப்பு எழுந்திருக்கிறது. அவர் நிறுத்தாமல் கடைசி வரை படித்தார். அன்று சாயங்காலமே கடிதத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அது நாலு குரூப் சுற்றி, அனுமந்தையிலிருந்து நம்மிடம் படிக்க வரும் ஒரு பிள்ளையின் அம்மா வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. என் கையெழுத்துக்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவருடைய புல்லட் நம் கேட்டுக்கு முன் வந்து நின்றது. பள்ளி லீவு, நான் மட்டும் புத்தக அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர், நடுவில் மோனிஷா, பின்னால் அந்த அம்மா. மற்ற இருவரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை, இன்ஜினையும் நிறுத்தவில்லை. டி.சி. எழுதிக் குடுங்க டீச்சர், ஹாஸ்டல்ல சீட்டு சொல்லி வெச்சிருக்கேன் என்றார். வண்டிச் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்ததால் நானும் கத்திக்கொண்டிருந்தேன். நம் பள்ளி என்ன செய்கிறது, பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று விளக்கினேன். இந்தப் பேச்சை நான் எத்தனையோ கூட்டத்தில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். கத்திச் சொல்லும்போது அது எல்லாம் பொய் மாதிரியே கேட்டது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“ஒங்க பையன் எங்க படிச்சான் டீச்சர்?”

என் மகன் புதுச்சேரியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்தான். அவன் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வயதில் நான் இங்கே வேலையில் சேர்ந்திருந்தேன். வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் பெரிதாக எதிர்க்கவில்லை. பஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு தெற்கே போகும், நான் சைக்கிளில் வடக்கே வந்து மற்றவர்களின் பிள்ளைகளிடம் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவேன். புதுச்சேரியில என்றேன். டை கட்டிக்கினு போனானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“அப்போ எங்க வீட்டுப் பொண்ணுக்கு மட்டும் தண்ணிய பாக்குற படிப்பா?”

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

நெருக்கடியில் கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். இங்கே வருவதற்கு முன் ஆறு வருடம் நானும் ஒரு சாதாரணப் பள்ளியில் வேலை பார்த்தவள். கோடு போட்டேன். தமிழ் எண்பத்துநாலு, இங்கிலீஷ் எழுபத்தொன்று, கணக்கு எழுபத்தெட்டு, அறிவியல் தொண்ணூற்றொன்று, சமூக அறிவியல் எண்பது. நம்பும்படியாக இருக்க வேண்டும் என்று இங்கிலீஷில் குறைத்துப் போட்டேன். அந்த அளவுக்கு மூளை வேலை செய்தது. கூட்டல் போட்டு, ஐந்நூற்றுக்கு நானூற்று நாலு என்று எழுதி, பள்ளி முத்திரையைக் குத்தி, எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் பேப்பரை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். கணக்கில் எழுபத்தெட்டு என்ற இடத்தில் அவருடைய விரல் கொஞ்ச நேரம் நின்றது. முகமே மாறிவிட்டது. இத மொதல்லயே குடுத்திருக்கலாமில்ல டீச்சர், என்னாத்துக்கு அந்தக் கதையெல்லாம் எழுதினீங்க என்றார். அந்தக் குரலில் எவ்வளவு பாசம். இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதேபோல் ஒன்று வேண்டும், இந்த வருடம் இங்கேயே இருக்கட்டும் என்றார். ஜெயித்துவிட்டேன். இத்தனை சுலபமா என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் மோனிஷா கிட்டே வந்தாள். அவள் பேப்பரைப் பார்த்திருந்தாள். படிக்கத் தெரிந்த பெண்ணாயிற்றே. யாருக்கும் கேட்காதபடி என்னிடம் கேட்டாள்.

“எனக்கு எப்போ பரீட்சை வெச்சீங்க அக்கா?”

குறையாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எந்த நாள், எந்த நேரம் என்று. வரப்பில் உட்கார்ந்து கண்டுபிடித்தவள் அல்லவா, எது எப்போது நடந்தது என்பது அவளுக்கு முக்கியம். நான் பதில் சொல்வதற்குள் புல்லட் திரும்பிவிட்டது. அவள் ஏறிக்கொண்டாள். வண்டி மறையும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பள்ளி என்று ஒன்றில் அவள் மறுபடி வாய் திறந்ததே நம்மிடம்தான். தான் பார்த்ததை மட்டும் சொல்பவள். அவளிடம் போய், பார்க்காததை எழுதி முத்திரை குத்திக் காட்டியிருக்கிறேன். ஹாஸ்டலுக்குப் போவதைத் தடுத்தேன் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அவள் மறுபடி வாயை மூடிக்கொண்டால் அது யாரால் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் உப்பளத்துக்குப் போனேன். வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் அவர்கள் இருட்டு பிரிவதற்குள் இறங்கிவிடுவார்கள். கிழக்கே இன்னும் சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. பனி போல ஏதோ ஒன்று பாத்திகளின் மேல் படிந்திருந்தது. ஆட்கள் எல்லாம் முழங்காலுக்குக் கீழ் இல்லாதவர்களைப்போல் அதற்குள் அசைந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா நீளக் கம்பு பொருத்திய பலகையால் உப்பை வாரிக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்று, அந்த மார்க் எல்லாம் பொய் என்று சொன்னேன்.

அவர் பலகையை நிறுத்தவில்லை. தெரியும் டீச்சர், மோனிஷா சொல்லிட்டா என்றார். கொஞ்ச நேரம் வாரினார். பிறகு நிமிர்ந்தார்.

“நான் பதினஞ்சு வருஷமா இதுல நின்னு காலு வெடிச்சுக் கெடக்குறேன். என் பொண்ணு அத்த ஒக்காந்து வேடிக்கை பாக்குறான்னு எழுதியிருக்கீங்க. அத்தினி பேரு சிரிச்சப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

நான் அழகு என்று எழுதிய அந்தத் தண்ணீரில் அவர் கால் வைத்து நின்றுகொண்டிருந்தார். குதிகாலிலிருந்து விரல்வரை வெடிப்பு. இரண்டு வருடம் அந்த வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் கால்களை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அழுகை வந்தது. அங்கே நின்று அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

அவர்தான் மறுபடி பேசினார். ஒங்க பையன ஏன் இங்க சேக்கல என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். பயம்தான் என்றேன், நாளைக்கு அவன் என்ன ஆவானோ என்று. எனக்கும் அதான் டீச்சர் பயம், எங்க மாமாவுக்கும் அதான் என்றார். மோனிஷாவின் பெரியப்பாவைத்தான் அவர் மாமா என்பார். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பயம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடம் நான் அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். இந்த வேலையில் நான் கேட்ட யோசனைகளிலேயே பெரியது அதுதான். அவ அப்படி இன்னா பாத்தான்னு எனக்கு யாரும் காட்டலியே, அவளயே வந்து காட்டச் சொல்லுங்க, மாமாவையும் கூப்பிடுங்க என்றார். மார்க் பொய் என்று மாமாவிடம் நானேதான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

அங்கேயே நின்று போன் போட்டு, மார்க் பொய் என்றும், பத்தரைக்கு வரப்புக்கு வந்து மோனிஷா காட்டுவதைப் பாருங்கள் என்றும் சொன்னேன். மோனிஷாவின் பெரியப்பா முழுவதையும் கேட்டார். போனை வைத்துவிட்டார்.

பத்தரைக்குப் புல்லட் வரப்பின் மேலேயே வந்தது. உப்பளத்து வரப்பில் வண்டி ஓட்டுவது லேசான காரியமில்லை, ஆனால் மனிதர் டிரைவர். நேராக எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக் காலை ஊன்றினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மோனிஷா தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா வேலை முடிந்து, கைகால் கழுவி, முந்தானையைத் தலைக்குப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மற்ற ஆட்கள் எல்லாம் வெயிலுக்குப் பயந்து கலைந்துவிட்டார்கள்.

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து நீட்டினார். மொதல்ல குடுத்தது கத, ரெண்டாவது குடுத்தது பொய்யி, இப்ப இன்னா குடுக்கப் போறீங்க டீச்சர் என்று கேட்டார். பேப்பரை வாங்கிக்கொண்டேன். அதற்குள் பள்ளிக்குப் போய் டி.சி.யை எழுதி முத்திரை குத்திக் கையில் வைத்திருந்தேன். உங்கள் பிள்ளை, முடிவு உங்களுடையது, அரைமணி நேரம் மட்டும் இருந்துவிட்டு வாங்கிக்கொண்டு போங்கள் என்றேன். அவர் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் போகவில்லை.

பதினொன்று தாண்டியது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. தூரத்தில் உப்புக் குவியல்கள் தரையை விட்டு ஒரு சாண் மேலே மிதந்தன. சவுக்குத் தோப்பின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இருந்த இடம் தெரியாமல் அடங்கியது. மோனிஷா தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய பெரியப்பாவிடம் அவள் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை என்று பின்னால் அந்த அம்மா சொன்னார். பயம்.

“வண்டிய நிறுத்துங்க பெரியப்பா. தண்ணி ஆடுது.”

நானும் அப்போதுதான் பார்த்தேன். இன்ஜினின் அதிர்வு ஈர வரப்பு வழியாக இறங்கி, பாத்தியின் ஓரத்தில் சின்னச் சின்ன வளையங்களாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவரும் பார்த்தார். சாவியைத் திருப்பினார்.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உலகம் முழுக்க யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. தண்ணீர் நின்றது. அம்மா, அதோ என்றாள் மோனிஷா. முதலில் ஒன்று. கண் இமைத்தால் தவறிவிடும் அளவுக்குச் சின்னதாக ஒரு சதுரம், தண்ணீரின் மேலே. பிறகு பக்கத்தில் ஒன்று, அப்புறம் எங்கே பார்த்தாலும். வானம் இருந்த இடமெல்லாம் மினுமினுத்தது. அவள் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள். இது இப்ப முங்கும் பாருங்க என்பாள், அது முழுகும். பெரியப்பா எப்போது வண்டியிலிருந்து இறங்கினார் என்று நான் கவனிக்கவில்லை. பேன்ட் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் வரப்பில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

“பதினஞ்சு வருஷம் வாரியிருக்கேன்,” என்றார் அந்த அம்மா. “பொறக்கறத இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

இது நடக்கும் நேரத்தில் அவர் எப்போதும் வீட்டுக்குப் போய்விட்டிருப்பார். விடியும்போது வந்து வாரும் எல்லோரும் அப்படித்தான்.

பிறகு காற்று வந்தது. பாத்தி முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடி, அத்தனையும் முழுகி, வெறும் தண்ணீர் ஆனது. இத யாரு உனக்கு சொல்லிக் குடுத்தா என்று பெரியப்பா கேட்டார். யாரும் இல்ல பெரியப்பா, பாத்தேன் என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, இத்த எப்படி டீச்சர் மார்க்குல போடுவீங்க என்றார். கிண்டல் இல்லை. எனக்கும் தெரியவில்லை என்றேன். அந்த இரண்டு நாளில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். மோனிஷாவிடமும் சொன்னேன். உனக்கு நான் பரீட்சை வைக்கவே இல்லை, பயத்தில் எழுதினேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், நம் பள்ளியில் ஏப்ரல் மாதம் ஏன் வீட்டுக்குக் கடிதம் போவதில்லை, ஏன் அம்மா அப்பாக்கள் வந்து உட்கார, பிள்ளைகள் தாங்கள் கண்டதைக் காட்டுகிறார்கள், ஏன் அன்று டீச்சர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று. அதை விதியாகப் போட்டது நான்தான். அந்த அம்மா சொல்லிப் போட்டேன். ஒருநாள் உங்கள் கேட்டுக்கு முன்னாலும் யாராவது வண்டியை நிறுத்தாமல் நின்று, இங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்பார். அவரை எதிரி என்று நினைக்காதீர்கள், பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மார்க் போட்டுத் தப்பிக்கவும் பார்க்காதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று கதை விட மாட்டேன். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், அது ஏதோ ஆராய்ச்சி பண்ற ஸ்கூலு என்றுதான் மோனிஷாவின் பெரியப்பா இன்றைக்கும் சொல்வாராம். மோனிஷா நம்மிடமே இருந்து பத்தாவது எழுதினாள். இப்போது கல்லூரியில் இருக்கிறாள். கணக்கில் எழுபத்தெட்டு அவள் ஒருநாளும் வாங்கவில்லை.

அன்றைக்கு வரப்பில் எழுந்து நின்று, அவ இங்கயே இருக்கட்டும் மாமா, நான் பாத்துட்டேன் என்றார் அந்த அம்மா. நான் நீட்டிய டி.சி.யைப் பெரியப்பா வாங்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் தொட்டார். மோனிஷா மறுபடி பாத்தி ஓரம் குனிந்திருந்தாள். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வண்டியை விட்டு இறங்கி, இன்ஜினைப் போடாமல், அந்தக் கனத்த புல்லட்டை மத்தியான வெயிலில் வரப்பு முடிகிற வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். தார் ரோட்டுக்குப் போய்த்தான் ஸ்டார்ட் செய்தார்.